குனிந்த தலைக்குப் பொன்னாடை

பலேர்மோ,
சனிக்கிழமை, முற்பகல் பத்து மணி

‘கரைமுரசு’ இதழின் ஆசிரியர் பெருந்தகையே! பாரிசு மாநகரின் அச்சுக்கூடத்தில் மை மணக்க நிற்கும் அன்பர்களே! தமிழ் படிக்கும் நல்லோரே!

ஒரு கொடுமையை எடுத்துரைக்க எழுந்து நிற்கிறேன். வழிபாட்டில் தலை குனிந்திருந்த முதியவர் ஒருவரை, அவர் மும்முறை மறுத்தும் கேளாமல், கண் கூசும் ஒளி பாய்ச்சிப் படம் பிடித்திருக்கிறார்கள். அந்தப் படம் இன்று பிற்பகல் உங்கள் இதழின் முகப்பில் அச்சேறவிருக்கிறது. இக்கொடுமையை இழைத்தவன் எவன் என்று கேட்பீர்கள். கேளுங்கள், உரத்துக் கேளுங்கள்! அவன் பெயர் சொற்கனல் மகேந்திரராசா. இம்மடலின் அடியில் கையொப்பமிடப் போகிறவனும் அவனே.

தாங்களும் தங்கள் இல்லத்தாரும் நலமே வாழ வேண்டும் என விழைகிறேன். இங்கே நானும் தங்கள் தங்கை சிவமலரும் உடலளவில் நலம். திங்கட்கிழமை முதல் அவள் என்னோடு உப்பு, புளி, குப்பைப் பை ஆகியவை குறித்து மட்டுமே உரையாடுகிறாள். இதை நான் மைத்துனருக்கு எழுதவில்லை, ஆசிரியருக்கு எழுதுகிறேன். மைத்துனருக்கு எழுத எனக்கு முகமில்லை. அச்சு நாளில் கைபேசியை அணைத்துவிட்டு மின்னஞ்சலை மட்டும் பார்ப்பது தங்கள் வழக்கம் என்பதால், காலை முதல் பதினொரு முறை அழைத்துத் தோற்றபின் எழுத உட்கார்ந்தேன். “ரெண்டு வரி எழுதுங்கோ, காணும். அண்ணை விளங்கிக்கொள்ளுவார்” என்று சிவமலர் அடுக்களையிலிருந்து சொன்னாள். இரண்டு வரியில் அடங்கும் குற்றத்தை நான் செய்திருந்தால் இரண்டு வரியில் எழுதியிருப்பேன்.

முதலில் பழையதை நினைவூட்டுகிறேன். சென்ற ஆவணியில் தங்கள் அன்னையார் யாழ்ப்பாணத்தில் கண்மூடிய செய்தி வந்தபோது சிவமலரின் வதிவிட அட்டை புதுப்பித்தலுக்குப் போயிருந்தது. அவளால் பறக்க முடியவில்லை. எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை வெறுங்காலோடு பெல்லெகிரினோ மலையேறினாள். புனித றொசாலியாவின் குகைக்கோயிலுக்கு ஞாயிறுதோறும் நடந்து ஏறுவதில் நம்மவரிடையே சைவர், கத்தோலிக்கர் என்ற பிரிவு கிடையாது. தாங்களும் ஒருமுறை மூச்சிரைக்க ஏறியிருக்கிறீர்கள். பாதி வழியில் ஒரு கல்லில் அமர்ந்து, தாயை நினைத்து அழுதாள். சுற்றுலாக் கப்பலில் வந்திறங்கிய எவரோ ஒருவர் அதைப் படம் பிடித்துப் போனார். இரு மாதம் கழித்துத் துறைமுக வாசலில், ஒரு சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரச் சட்டத்தில், ஓராள் உயரத்துக்கு அவள் முகம் தொங்கியது. வெடித்த குதிகாலும் தெரிந்தது, கன்னத்துக் கண்ணீரும் தெரிந்தது. கீழே இரு மொழியில் ‘கிழக்கின் புதிரைச் சிசிலியில் காணுங்கள்’ என்று எழுதியிருந்தார்கள். தங்கள் தாய்க்கு வடித்த கண்ணீரின் கீழே, இருக்கை ஒதுக்குவதற்கான தொலைபேசி எண். அன்றோடு அவள் மலையேறுவதை நிறுத்திவிட்டாள்.

அப்போது நான் எழுந்தேன். தங்களுக்குத் தெரியும், நான் எழுந்தால் எளிதில் உட்காருவதில்லை. நம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் ஐம்பத்தைந்து நிமிடம் முழங்கினேன். “எங்கள் வழிபாடு உங்கள் வேடிக்கையா? எங்கள் கண்ணீர் உங்கள் விளம்பரமா?” என்று நான் கேட்டபோது முன்வரிசையில் இருந்த கைக்குழந்தைகூட அழுதது. சங்கம் ஒருமனதாய்த் தீர்மானம் நிறைவேற்றியது. நிறுவனத்துக்கு மடல் போயிற்று, படம் இறங்கிற்று. அத்தீர்மானத்தை யாத்தவன் நான்: கேட்டபின் எடு, மறுத்தால் விடு, வழிபடுவோரை எடாதே. தாங்கள் அதைக் கட்டம் கட்டி, என் படத்தோடு, கார்த்திகை இதழின் முகப்பில் வெளியிட்டீர்கள். அந்த முகப்பைச் சட்டமிட்டு எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறேன். இப்போது அது என் தலைக்கு நேர் மேலே இருக்கிறது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

சியாகுல்லியில் மாந்தரின் ஆரஞ்சுத் தோட்டமொன்றில் வேலை செய்யும் மன்னார் யாக்கோபுவைத் தாங்கள் அறிவீர்கள். முன்பு கப்பலில் பணியாற்றியவர், ஆங்கிலம் பேசுவார். சென்ற கோடையில் அத்தோட்டத்துக் கொட்டகை தீயில் எரிந்துபோயிற்று. தோட்டத்துச் சொந்தக்காரரின் மகள் அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்தில், ஆமிசு மக்களின் ஊரருகே வாழ்கிறாராம். அவர் வாய்வழியாய்ச் செய்தி கேட்டு ஆமிசு ஆடவர் எண்மர், வானூர்தி ஏறுவது தங்கள் நெறியன்று என்பதால், கடல் வழியாகவே இங்கு வந்து சேர்ந்தார்கள். குதிரை வண்டியில் போகிற, வீட்டுக்கு மின்கம்பி இழுக்காத, கருநிற எளிய உடை உடுத்துகிற, மீசை மழித்துத் தாடி மட்டும் வளர்க்கிற சமயத்தார் அவர்கள். அயலாரின் கொட்டகை எரிந்தால் ஊர் கூடிக் கட்டிக்கொடுப்பது அவர்கள் வழக்கமாம். அயல் எவ்வளவு தூரம் வரை என்று அவர்கள் அளந்து பார்ப்பதில்லை போலும். ஐந்து வாரத்தில் நம்மவரோடு தோளோடு தோள் நின்று கொட்டகையை எழுப்பிவிட்டார்கள். யாரும் கேளாமலே, பழம் பறிக்கும் நம் தொழிலாளர் வெயிலில் நின்று உண்பதைக் கண்டு, அவர்களுக்கென ஓர் உண்ணும் அறையும் கட்டிக் கூரை போட்டார்கள். நன்றி சொல்லாமல் விடலாமா? சங்கம் விருந்து வைக்க முடிவு செய்தது. நன்றியுரை யாருக்கு ஒதுக்கப்பட்டது என்பதைத் தங்கள் ஊகத்துக்கே விடுகிறேன்.

விருந்துக்கு முதல்நாள் யாக்கோபு வீடு தேடி வந்தார்.

“அண்ணை, ஒண்டு சொல்லோணும். அவையள் படத்துக்கு நிக்க மாட்டினம். முகத்தைக் காட்டிப் பெருமைப்படக் கூடாதெண்டது அவையின்ரை வேதம்.”

“அடக்கம், யாக்கோபு! அடக்கம்!” என்றேன், நெகிழ்ந்து.

“அடக்கமில்லை அண்ணை. வேண்டாமெண்டால் அவையளுக்கு வேண்டாம்தான்.”

இந்த இடத்தில்தான் ஆசிரியரே, நான் இடறினேன். தமிழனாய்ப் பிறந்து, தமிழர் கூட்டங்களிலேயே வளர்ந்த ஒருவன் மட்டுமே இடறக்கூடிய இடம் இது. நம்மில் எவர் முதல் முறை கேட்டதும் ‘ஆம்’ என்கிறார்? இலையின் மேல் கையை விரித்து ‘போதும், போதும்’ என்பவருக்கு விரல் இடுக்கு வழியே இன்னோர் அகப்பை சோறு வைக்காவிட்டால், அவர் வீட்டுக்குப் போய் நம்மைப் பழிப்பார். மேடைக்கு அழைத்தால் மும்முறை மறுப்பார். நான்காம் முறை கையைப் பிடித்து இழுக்க வேண்டும். நானே சென்ற ஆண்டு சங்கத் தலைமையை நான்கு முறை மறுத்தேன். ஐந்தாம் முறை கேளாமல் விட்டிருந்தால் அவர்களுள் ஒருவரோடும் இந்தப் பிறவியில் பேசியிருக்க மாட்டேன். மறுப்பு என்பது வீட்டு வாசற்படி, அதைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும் என்று எனக்குக் கற்பித்திருந்தது என் வாழ்வு. வாசலில் பூட்டு தொங்கும் வீடுகளும் உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு நண்பகல் எண்மரும் வந்தார்கள். அவர்களுள் மூத்தவர் ஏமோசு என்னும் பெரியவர். எழுபது கடந்தவர், உள்ளங்கை மரப்பலகை போலிருக்கும். வாசலிலேயே படத்துக்கு அழைத்தேன். தலையசைத்து மறுத்தார். ஒன்று. முன்வரிசையில் அமர்த்திவிட்டுக் கேட்டேன். நெஞ்சில் கைவைத்து மறுத்தார். இரண்டு. பந்தியில் இடியப்பமும் சொதியும் வைக்கும்போது குனிந்து காதோரம் கேட்டேன். என் கையைத் தம் இரு கைகளாலும் பற்றி, மிக மெல்ல, மிகக் கனிவாக மறுத்தார். மூன்று! குரல் கனிந்துவிட்டது, ஆள் கனிந்துவிட்டார் என்றே நான் எண்ணினேன்.

ஒலிவாங்கியைக் கையில் எடுத்தேன். “எளிமைக்கு அணிகலன் ஏது? ஆயினும் தமிழன் நன்றி மறவான்!” என்று தொடங்கினேன். அவ்வேளையில் ஏமோசு பெரியவர் தலை குனிந்தார். கழுத்து முன்னே நீண்டது. ஆசிரியரே, முப்பது ஆண்டாக மேடைகளில் பொன்னாடை போர்த்திப் பழகிய கைகள் இவை. குனிந்த கழுத்து என்றால் இக்கைகளுக்கு ஒரே பொருள்தான் தெரியும். விரித்தேன், போர்த்தினேன். செந்நிறக் கரையும் பொன் இழையும் ஓடும் அந்த ஆடை அவருடைய கருஞ்சட்டையின் மேல் தீப்பற்றியது போல் கிடந்தது. “டெனிஸ்டன், எடு!” என்றேன். திருமண வீடுகளில் படம் எடுத்து எடுத்து, விளக்கொளி இல்லாமல் மூச்சுக்கூட விடாத டெனிஸ்டன் பளிச்சென்று எடுத்தார். அவை கைதட்டியது.

பெரியவர் நிமிரவில்லை. அருகிருந்த எழுவரும் நிமிரவில்லை. அப்போதுதான் பார்த்தேன்: எண்மருமே தலை குனிந்திருந்தார்கள். எண்மருக்குமா பொன்னாடை வேண்டும் என்று ஒரு நொடி குழம்பினேன், மெய்யாகவே குழம்பினேன். கைதட்டல் ஒவ்வொன்றாய் அவிந்தது. கடைசியில் ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். அது நான்.

“அண்ணை, கொஞ்சம் இஞ்சாலை திரும்புங்கோ. ஐயாவையும் ஒருக்கா நிமிரச் சொல்லுங்கோ” என்றார் டெனிஸ்டன்.

“வாயை மூடு. அவையள் சாப்பாட்டுக்கு முன்னாலை செபம் செய்யினம்” என்றார் யாக்கோபு, பல்லைக் கடித்தபடி.

பெரியவர் தமக்குரிய நேரத்தில் நிமிர்ந்தார். தோளைப் பார்த்தார். ஆடையை எடுத்து நான்காய் மடித்து மடிமீது வைத்தார். யாக்கோபுவிடம் ஏதோ சொல்லிவிட்டு மீண்டும் தலை குனிந்துகொண்டார். என்ன சொன்னார் என்று கேட்டேன். யாக்கோபு என்னைப் பாராமலே சொன்னார்: “உங்களுக்காகத்தான் மன்றாடிக்கொண்டிருந்தவராம். பாதியிலை நிக்குதாம். முடிச்சிட்டு வாறாராம்.”

கேட்டபின் எடு, மறுத்தால் விடு, வழிபடுவோரை எடாதே. ஓர் ஆண்டுக்குள், ஒரே நொடியில், நான் யாத்த தீர்மானத்தை நானே மீறினேன். அதுவும் எனக்காக வேண்டிக்கொண்டிருந்த ஒருவர்மேல்.

அந்த நேரமே வெட்கி நின்றேன் என்று எழுதத்தான் ஆசை. இல்லை. அன்று மாலையே அப்படத்தை, ‘எளிமைக்கே பொன்னாடை!’ என்ற தலைப்போடு, தங்களுக்கு அனுப்பிவைத்தவன் நான்தான். ஏன் அனுப்பினேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அப்படத்தில் நான் நன்றாயிருக்கிறேன். முப்பது ஆண்டில் ஒரு படத்திலும் என் வாய் மூடியிருந்ததில்லை, அதில் மூடியிருக்கிறது. தலைமுடியும் போதிய அளவு இருப்பதாய்த் தோன்றுகிறது. ‘முகப்பில் போடுகிறோம்’ என்று தாங்கள் விடையனுப்பியதும், நான் லிபெர்த்தா வீதியில் வேலைக்குப் போய்ப் பேணிவரும் முதிய இத்தாலிய அம்மையாரிடம்கூட அதைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, “இந்த ஏழை மனிதர் யார்? ஏன் இவ்வளவு துயரமாக இருக்கிறார்?” என்று கேட்டார். நான் கேள்வி புரியாதவன் போல் மருந்து எடுக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை சிவமலர் அதைக் கண்டாள். கைபேசியை வாங்கினாள், பெரியவரின் முகத்தை விரலால் பெரிதாக்கினாள். என் பக்கத்தை அவள் பெரிதாக்கவே இல்லை.

“இஞ்சருங்கோ, இந்த மனிசன் என்ன செய்யிறார்?”

“வழிபடுகிறார்.”

“கேட்டுத்தான் எடுத்தனியளோ?”

“மூன்று முறை கேட்டேன்.”

“அவர் என்ன சொன்னவர்?”

நான் கைபேசிக்குக் கை நீட்டினேன். 

“அப்ப, கீழை என்ன எழுதப் போறியள்?” என்றாள். “மேற்கின்ரை புதிரெண்டோ?”

அவள் குரல் உயரவில்லை. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் குப்பைப் பையைக் கட்டப் போனாள். என் ஐம்பத்தைந்து நிமிடம் அவளுக்காக முழங்கியது என்று நம்பியிருந்தேன். அவளுக்கு இப்போது விளங்கிவிட்டது, நான் எனக்காகத்தான் முழங்கினேன் என்று. 

வியாழக்கிழமை சியாகுல்லிக்குப் போனேன். வருத்தம் தெரிவிக்க நாற்பது நிமிட உரை ஒன்றை ஆயத்தம் செய்திருந்தேன். மூன்று உவமை, ஓர் அடுக்குமொழி. பெரியவர் கொட்டகையில் எஞ்சிய வேலைக்கு ஓர் உத்தரத்தைத் தோளில் சுமந்து வந்துகொண்டிருந்தார். மரம் தோளை உறுத்தாதிருக்க அதன் அடியில் ஒரு துணியை மடித்து வைத்திருந்தார். செந்நிறக் கரை, பொன் இழை. ஆசிரியரே, நான் போர்த்திய பொன்னாடைகள் பல, அலமாரிகளில் அந்துப்பூச்சிக்கு உணவாகின்றன. ஒரு தோளுக்கு உண்மையிலேயே பயன்பட்டது இது ஒன்றுதான்.

உரையைத் தொடங்கினேன். பன்னிரண்டு நிமிடம் பேசியபின் மூச்சு வாங்கினேன். யாக்கோபு இரண்டு சொல்லில் மொழிபெயர்த்தார்.

“அவ்வளவுதானா?” என்றேன்.

“நீங்கள் வருந்துறியளாம் எண்டு சொன்னன் அண்ணை. மிச்சமெல்லாம் அதுதானே?”

பெரியவர் உத்தரத்தை இறக்கிவைத்தார். தாம் ஞாயிற்றுக்கிழமையே, இடியப்பம் ஆறுவதற்கு முன்பே, என்னைப் பொறுத்துக்கொண்டதாகச் சொன்னார். இடியப்பம் மிக நன்றாயிருந்ததாகவும் சொன்னார். பிறகு, ஆணிகளைப் பொறுக்கியபடி ஒன்று கேட்டார்: அந்தப் படம் இன்னும் இருக்கிறதா? தம் முகத்தைத் தாமே அதிகம் பார்த்ததில்லையாம். தம்மை முன்பின் அறியாதவர் கையில் அது கிடப்பதை நினைத்தால், வீட்டுக் கதவைத் திறந்தபடி விட்டுவந்தது போல் இருக்கிறதாம். நான் தலை குனிந்தேன். எனக்கு எவரும் பொன்னாடை போர்த்தவில்லை.

சனிக்கிழமைக்குள் ஒரு படியும் இல்லாமல் செய்வேன் என்று சொன்னேன். இன்று மாலை ஏழு மணிக்குச் செனோவா நகருக்குப் புறப்படும் கப்பலில் அவர்கள் ஏறுகிறார்கள். “கப்பலடிக்கு வந்து ‘இல்லை’ எண்டு ஒரு சொல் சொன்னால் காணுமாம். காட்டு எண்டு கேக்க மாட்டாராம். நீங்கள் சொன்னால் நம்புவாராம்” என்றார் யாக்கோபு. ஆசிரியரே, என் சொல்லை நம்புவதாக எத்தனையோ பேர் மேடையில் கூறியிருக்கிறார்கள். அவர்களுள் ஒருவரும் அச்சொல்லுக்காகக் கப்பலடியில் காத்திருந்ததில்லை.

என் கைபேசியில் இருந்ததை அழித்தேன். டெனிஸ்டனின் வீட்டுக்குப் போய், அவர் கருவியிலும் கணினியிலும் இருந்ததை என் கண்முன்னே அழிக்கச் செய்தேன். இந்த உலகில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி, தங்கள் கையில்.

ஆகவே ‘கரைமுரசு’ ஆசிரியருக்கு என் கோரிக்கை: முகப்பிலிருந்து அப்படத்தை எடுத்துவிடுங்கள். என் மின்னஞ்சலையும் அழியுங்கள். அவ்விடத்தில் வேறொன்றும் கிடைக்காவிட்டால் வெற்றிடமாய் விடுங்கள். அந்த வெற்றிடம் என் உரைகளைவிடத் தெளிவாய்ப் பேசும். முகப்பில் விளக்கம் வேண்டுமெனில், பட்டம் இல்லாத என் பெயரோடு ‘மகேந்திரராசா தவறிழைத்தார்’ என்று ஒரு வரி போடுங்கள். ‘சொற்கனல்’ வேண்டாம்.

தாங்களும் தங்கள் துணைவியாரும் பிள்ளைகளும் நோயின்றி, வழக்கின்றி, என் போன்ற மைத்துனரால் வரும் தலைகுனிவும் இன்றி நெடிது வாழ்க. தங்கள் அச்சுக்கூடம் பிழையின்றி ஓடுக.

பணிவுடன்,
வே. மகேந்திரராசா

பி.கு.: அப்படத்தின் வலப்பாதியில் பெரியவர் இல்லை, அதில் நான் மட்டுமே இருக்கிறேன். அழிப்பதற்கு முன் அந்தப் பாதியை மட்டும் வெட்டி எடுத்து எனக்கு அனுப்ப இயலுமா என்று கேட்க எண்ணினேன். சிவமலர் தோளுக்குப் பின்னால் நின்று இதைப் படித்துவிட்டாள். “வெட்டச் சொல்லுங்கோ. ரெண்டு கையும் ஆரின்ரையோ தோளிலை நிக்கும். ஆரின்ரை எண்டு கேட்டால் என்ன சொல்லுவியள்?” என்றாள். அக்கோரிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். இருந்தாலும் ஐந்து நாளில் அவள் என்னோடு பேசிய மிக நீண்ட பேச்சு இது என்பதைப் பதிவு செய்கிறேன்.

இன்னொரு பி.கு.: மேலே ‘ஒரே ஒரு படி’ என்று எழுதியிருந்தேன் அல்லவா? அதை அடித்துவிடுங்கள். இந்த நொடி டெனிஸ்டன் அழைத்தார்.

“அண்ணை, சந்தோசமான செய்தி! அவையளை வழியனுப்பப் பெரிய பனர் ஒண்டு அடிச்சுப் போட்டன். ‘எங்களை மன்னியுங்கள்’ எண்டு மூண்டு மொழியிலை. துறைமுக வாசலிலை கட்டியாச்சு.”

“படம் போட்டாயா?”

“போடாமல்? சால்வைப் படம்தான். வேறை படத்துக்கு அவையள் நிக்கேல்லையே அண்ணை!”

“என் கண்முன்னே அழித்தாயே, டெனிஸ்டன்!”

“ஓம், அழிச்சனான். அடிக்கக் குடுத்தாப் பிறகு அழிச்சனான்.”

பன்னிரண்டு அடியாம். கட்டியிருக்கும் இடம், தங்கள் தங்கையின் கண்ணீர் தொங்கிய அதே இரும்புச் சட்டமாம். காலியாய்க் கிடந்தது, வசதியாய்ப் போயிற்றாம். அருகே கைகூப்பியபடி என் படமும் உண்டாம், தனியாக. ஐந்து மணிக்குப் பெரியவர் அவ்வழியேதான் நடந்து வருவார்.

சிவமலர் கறி வெட்டும் கத்தியை எடுத்துப் பையில் போட்டுவிட்டாள். அண்டை வீட்டாரின் ஏணி வாசலுக்கு வந்துவிட்டது. “நீங்கள் எழுதி முடியுங்கோ, நான் போறன்” என்று படியிறங்குகிறாள். அந்தச் சட்டத்தின் பக்கம் அவள் போவது ஐப்பசிக்குப் பிறகு இதுவே முதல் முறை. ஏணியைப் பிடிக்க ஆள் வேண்டும். நான் ஓடுகிறேன்.

மச்சான்! ஆசிரியரே என்று இனி அழைக்க நேரமில்லை. பதாகையை நாங்கள் கிழிக்கிறோம். முகப்பை நீங்கள் அழியுங்கள். படித்து முடித்தபின் அன்று, பக்கத்தில் இருப்பவரோடு கலந்து பேசியபின் அன்று, இப்போதே. அழித்தபின் ‘இல்லை’ என்று ஒரே ஒரு சொல் அனுப்புங்கள். அந்தச் சொல்லை நான் கப்பலடியில் சொல்ல வேண்டும்.